வானத்துத் தூசி

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து வானத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். முதலாளி எடுத்துவந்த படங்களில் வானம் வருகிற இடத்தில் எல்லாம் கரும்புள்ளி. வலது மூலையில் ஒரு கொத்து, இடது ஓரத்தில் நூல் மாதிரி ஒன்று, நடுவுக்குச் சற்று மேலே பெரியதாக ஒன்று. எந்தப் படத்தைத் திறந்தாலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

முதலாளி என்று எழுதுவது என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவை. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் ஸ்டுடியோ. அவர் கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் சரிசெய்து ஆல்பம் போடுவேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. போர்டில் அவர் பெயர் மட்டும் இருக்கும்.

"லென்ஸ் மாத்துனாலும் புள்ளி அதே எடத்துல வருதுங்க. அப்படின்னா தூசி லென்ஸ்ல இல்ல, உள்ள படம் பதியற சென்சார்ல இருக்குது" என்றேன்.

"கேமரா புடிக்கறவனுக்கு நீ பாடம் எடுக்கறயா?"

சொல்லிவிட்டு லென்ஸைக் கழற்றினார். கேமராவின் திறந்த வாயில் தன் வாயை வைத்து, அடுப்பு ஊதுவது போல ஃபூ என்று ஊதினார். "போச்சு பாரு" என்றார். பார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

ஊதியதன் பலன்: பழைய புள்ளிகள் அப்படியே இருக்க, புதிதாகச் சில. எச்சில் புள்ளிக்கு ஓரத்தில் வளையம் இருக்கும். தூசிப் புள்ளிக்கு இருக்காது.

ஜூன் 6, வெள்ளி

நான் சொல்லிவைத்திருந்த பார்சல் வந்தது. ரப்பர் ப்ளோயர், சென்சார் துடைக்கிற தட்டைக் குச்சிகள், அதற்கென்று உள்ள திரவம். எப்படித் துடைப்பது என்று வீடியோக்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் ஊதிப் பார்க்க வேண்டும், வாயால் அல்ல. போகாவிட்டால் மட்டும்தான் குச்சி. குச்சியின் ஒரு முகத்தை ஒரு தடவைக்கு மேல் உபயோகிக்கக் கூடாது.

பார்சலைப் பார்த்ததும் முதலாளி கேமராவை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"என்ற கேமராவுல கை வெச்சீன்னா நடக்கறதே வேற. இந்த சீசன் முடியட்டும். திருப்பூர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு ஆள் போட்டுக்கறேன். நீ ஊட்டுல சோறாக்குனாப் போதும்."

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இந்தக் கோபம் தூசியால் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். பங்குனியில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது ஒரு சீமந்தத்துக்கு நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த வீட்டார் என் படத்தைத்தான் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். "உங்க சம்சாரம் உங்களையே மிஞ்சிருவாங்களாட்ட இருக்குது" என்று அவரிடமே யாரோ சொல்லிவைத்தார்கள். அன்றிலிருந்து நான் கேமராவைத் தொட்டதில்லை.

சோறாக்க எனக்கும் தெரியும். ஆனால் இந்த நாற்காலியை விட்டு என்னை எழுப்ப முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஓவியா கல்யாணம். தெய்வசிகாமணி என்று அரிசி மண்டிக்காரர், அவர் மகள். மாப்பிள்ளை மூலனூர். காலையில் மண்டபம், சாயங்காலம் உப்பாறு அணைக்கரையில் மாப்பிள்ளை பெண்ணை நிற்கவைத்துப் படம். ஆனிக் காற்று இந்த வருடம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. அணைக்கரையில் நின்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டிருப்பார். இருக்கிற தூசி போதாதா?

ஜூன் 20, வெள்ளி

ஓவியா வந்து ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்தாள். இன்னும் நான் கைவைக்காத படங்கள்தான், எடுத்தது எடுத்தபடி. மத்தியானம் முழுக்க என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சித்தியையும் கேலி செய்தாள்.

"எங்க அத்தை எல்லாத்துக்கும் சகுனம் பாப்பாங்கக்கா. தும்முனாக்கூட ஆரு, எந்தப் பக்கம் பாத்துத் தும்முனதும்பாங்க" என்றாள். அத்தை என்றால் மாமியார், மூலனூர்ப் பாவாத்தாள்.

தாலி கட்டுகிற படம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். "இத ரெண்டு பக்கத்துக்கும் சேத்திப் பெருசாப் போட்டுருங்கக்கா" என்றாள். நல்ல பெண். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 2, புதன்

சீசன் வேலை கழுத்தளவு. ஒவ்வொரு படமாகப் புள்ளியை அழித்துக்கொண்டிருந்தால் தீபாவளி வந்துவிடும். புள்ளிகள் இடம் மாறுவதில்லையே. அதனால் அணைக்கரைப் படம் ஒன்றில் எல்லாவற்றையும் அழித்தேன். அந்த அழிப்பை அப்படியே கல்யாணப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொடுக்கில் ஒட்டிவிட்டேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. திருப்பூர் ஆள் வந்து இதைச் செய்வானா, பார்க்கலாம்.

ஜூலை 5, சனி

பக்கங்கள் போட்டு முடித்தேன். தாலி கட்டும் படத்தை ஓவியா சொன்னபடி இரண்டு பக்கத்துக்கும் விரித்து வைத்தேன். அட்சதை பாதி வழியில் நிற்கிறது. ஓவியா தலை குனியாமல் நேரே பார்க்கிறாள். மாப்பிள்ளை விரலில் ஒட்டிய மஞ்சள்கூடத் தெரிகிறது. இந்த மனுஷனுக்கு இந்தக் கண்ணை யார் கொடுத்தது? பார்க்கவே பிடிக்கவில்லை. அளவு சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

அச்சுக்கு அனுப்பும் முன்னால் முதலாளி ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பது எங்கள் வழக்கம். இன்று திரையில் திறந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "ஆல்பம் ரெடி. பாக்கோணும்னா பாக்கலாம்."

அவரும் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கூப்புட்டாப் பாக்கலாம்."

நான் கூப்பிடவில்லை. அவர் பார்க்கவில்லை. கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. தெய்வசிகாமணி வீட்டில் தலை ஆடி விருந்து. மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார், உறவுக்கூட்டம் எல்லாம் இருக்கும்போது ஆல்பத்தைத் திறந்திருக்கிறார்கள்.

தாலி கட்டுகிற படத்தில் ஓவியாவின் நெற்றியில் பொட்டு இல்லையாம்.

ஜூலை 18, வெள்ளி

காலையிலேயே வந்துவிட்டார்கள். தெய்வசிகாமணி, அவர் சம்சாரம், பாவாத்தாள் அம்மாள். ஓவியா கடைசியாக வந்து கதவோரம் நின்றாள். பாவாத்தாள் உட்காரவில்லை. ஆல்பத்தை மேசையில் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். நெற்றி சுத்தமாக, வெறுமையாக இருந்தது. மற்ற படங்களில் எல்லாம் பொட்டு இருக்கிறது. தாலி ஏறுகிற நேரத்தில் மட்டும் இல்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுப்பா" என்றார் பாவாத்தாள்.

முதலாளிக்கு வேர்த்தது. அவர் திணறுவதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் குளிர்ச்சியாக இருந்தது என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். அவர் ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு சொன்னார்:

"ஓமப் புகையில, வேர்வையில, ஒட்டுப் பொட்டு நழுவியிருக்குமுங்க. பொறவு ஆராச்சும் எடுத்து ஒட்டியிருப்பாங்க. கேமரா இருக்கறதத்தானுங்க காட்டும்."

"எனக்கு விழுகவே இல்லீங்க" என்றாள் ஓவியா. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

பாவாத்தாள் ஆல்பத்தை மூடினார். "தாலி ஏறுறப்பப் பொட்டு விழுந்திருக்குது. அதையும் எங்ககிட்ட மறைச்சிருக்கறீங்க" என்று சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். தெய்வசிகாமணி பின்னாலேயே ஓடினார்.

அவர்கள் போனதும் அசல் படத்தைத் திறந்தேன். பொட்டு இருந்தது. சிவப்பு வட்டம், நடுவில் ஒரு கல். நடுவுக்குச் சற்று மேலே, அந்தப் பெரிய தூசிப் புள்ளி உட்காருகிற அதே இடத்தில். மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு என்று லென்ஸ் துளையை அகலத் திறந்து எடுத்த படங்களில் தூசி தெரிவதே இல்லை. அழிக்க அங்கே ஒன்றும் இல்லை. வானத்துக்குப் போட்ட அழிப்பு, தூசிக்குப் பதிலாகப் பெண்ணின் நெற்றியைத் துடைத்திருக்கிறது. மற்ற படங்களில் அந்த இடத்தில் பந்தலோ சுவரோ இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

வேலை அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. சென்சாரைச் சுத்தம் செய்ய விட்டிருந்தால் எனக்கு இந்த வேலையே இருந்திருக்காது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இங்க வந்து பாருங்க" என்றேன். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சட்டைக்குள் கைவிட்டு, அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து மேசையில் போட்டார்.

"இதுக்குத்தான ஆடுன? எடுத்துத் தொடச்சு வெய்யி. அந்த அசலையும் அழிச்சுப்போடு. கேட்டா கார்டு போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அந்தப் புள்ள?"

"பொட்டு விழுந்தா ஆராச்சும் செத்தா போயிருவாங்க? நாலு நாள் பேசுவாங்க. ஸ்டுடியோ பேரு போனா நம்ம சோத்துக்கு வழியில்ல."

சாவியை எடுத்துக்கொண்டேன். சென்சாரைத் துடைக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஓவியாவின் அம்மா போனில் அழுதார். ஆடி முடிந்ததும் பெண்ணை அழைத்துப்போக வரமாட்டோம், நாங்களாகச் சொல்லும்வரை அனுப்பவேண்டாம் என்று மூலனூரிலிருந்து சொல்லிவிட்டார்களாம். மாப்பிள்ளை போன் எடுப்பதில்லை. "கண்ணு, உங்ககிட்ட வேற படம் ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

அசலை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால் பாவாத்தாள் நம்பமாட்டார். கம்ப்யூட்டரில் பொட்டை எடுக்கத் தெரிந்தவளுக்கு ஒட்டத் தெரியாதா? நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன்.

சாட்சிக்கு அந்தத் தூசி வேண்டும். இன்னும் உள்ளே அதே இடத்தில் இருக்கிறது. இரண்டு மாதமாக எதை எடுக்கவேண்டும் என்று சண்டை போட்டேனோ அதை இப்போது அடைகாக்கிறேன். லென்ஸைக் கழற்றவே பயமாக இருக்கிறது. சாவி என் தாலிக் கொடியில் ஊக்கோடு தொங்குகிறது.

முதலாளி தினமும் கேட்கிறார்: "தொடச்சாச்சா?"

"நேரமில்லீங்க."

ஜூலை 29, செவ்வாய்

முதலாளி ஆல்பத்தாள் வாங்கக் கோயமுத்தூர் போனார். நான் கேமராவையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு மூலனூர் பஸ் ஏறினேன். பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

பாவாத்தாள் களத்தில் தேங்காய் மட்டைகளை எண்ணி அடுக்கவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"என்ன, இப்பப் பொட்டு வெச்ச படம் கொண்டாந்திருக்கறயா?"

"இல்லீங்கம்மா. நீங்க ஒரு படம் எடுக்கோணும்."

"நானா?"

தூசி நன்றாகத் தெரியட்டும் என்று அபர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, பதினாறுக்குச் சுருக்கி, கேமராவை அவர் கையில் கொடுத்தேன். பிடிக்கத் தெரியவில்லை. ஆனால் பின்வாங்கவும் இல்லை. "மேல பாத்து இந்தப் பித்தான அமுத்துங்க" என்றேன். மேகம் இல்லாத வானம். அமுக்கினார். படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.

வலது மூலையில் கொத்து. இடது ஓரத்தில் நூல். நடுவுக்குச் சற்று மேலே பெரியது.

அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார். "பருந்தா?"

"இன்னொன்னு எடுத்துப் பாருங்க."

வேறு பக்கம் திரும்பி எடுத்தார். புள்ளிகள் அதே இடத்தில். தென்னைக்கு மேலே எடுத்தார், அப்போதும் அதே இடத்தில். பிறகு நான் சொல்லாமலேயே நாலைந்து எடுத்தார். லேப்டாப்பைத் திறந்து, அணைக்கரையில் அவர் மகனும் ஓவியாவும் நிற்கிற அசல் படத்தைக் காட்டினேன். அதே கொத்து, அதே நூல், அதே பெரிய புள்ளி. கேமராவுக்குள்ளே தூசி இருக்கிறது, அது எல்லா வானத்திலும் விழும், அதை அழித்த அழிப்புதான் மற்ற படங்களிலும் ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன். தாலிப் படத்தின் அசலைத் திறந்தேன். அவர் பார்க்கப் பார்க்க அழிப்பை ஒட்டினேன். பொட்டு மறைந்தது. எடுத்தேன், வந்தது.

"மறுக்காச் செய்யி" என்றார். மறுபடி செய்தேன்.

மட்டை அடுக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பப் பொட்ட அழிச்சது நீயி."

"ஆமாங்க. நான்தானுங்க."

"உன்ற ஊட்டுக்காரனுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு அந்த வார்த்தை சொல்றப்பத் தெரியாதுங்க. நீங்க போன பொறவு தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சும் இத்தன நாளு? என்ற பையன் சோறு திங்காமக் கெடக்கறான். அந்தப் புள்ள அங்க கெடக்கறா. நீ அங்க குந்தீட்டு என்ன பண்ணிட்டிருந்த?"

திட்டட்டும் என்று நின்றேன். நன்றாகவே திட்டினார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"இங்க என்ற காதோட சொல்லீட்டுப் போனாப் பத்தாது. ஆடிப் பதினெட்டுக்குச் சம்பந்தி ஊட்டுல எல்லாரும் சேருவாங்க. ஆல்பம் பாத்த அத்தன பேரும் இருப்பாங்க. அங்க வந்து சொல்லு. உன்ற ஊட்டுக்காரனையும் கூட்டியா. வல்லீன்னா நான் சும்மா உடமாட்டேன்."

ஆகஸ்ட் 2, சனி

முதலாளியிடம் சொன்னேன். கேமராவை மூலனூருக்குக் கொண்டுபோனது, பாவாத்தாள் படம் எடுத்தது, நாளைக்கு வரச் சொன்னது, எல்லாவற்றையும்.

கை ஓங்கினார். நான் நகரவில்லை. கையை இறக்கி, மேசையில் இருந்த டீ கிளாஸை எடுத்துத் தரையில் அடித்தார்.

"புருசன நாலு பேர் முன்னால நிறுத்திப் பொய்யன்னு சொல்லப்போற. சொல்லு. நான் வரமாட்டேன்."

"வராட்டிப் போங்க. நான் செஞ்சத நான் சொல்லிக்கறேன். நீங்க சொன்னதையும் நானே சொல்லிக்கறேன்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தனியாகப் போனேன். கலந்த சாதமும் வடையும் பரிமாறி முடித்த பிறகு பாவாத்தாள் என்னைக் கூடத்தில் நிறுத்தினார். சொன்னேன். பொட்டு விழவில்லை, நான் அழித்தேன், விழுந்தது என்று என் வீட்டுக்காரர் சொன்னது பொய் என்று சொன்னேன். இரண்டு கிழவர்கள் என் குலம் கோத்திரத்தை விசாரித்துத் திட்டினார்கள். ஓவியாவின் சித்தப்பா ஒருவர் ஸ்டுடியோவைக் கொளுத்தவேண்டும் என்றார்.

பாவாத்தாள் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கிவிட்டு, சம்பந்தியிடம், "ஆவணி ரெண்டாந் தேதி வந்து என்ற மருமகளக் கூட்டீட்டுப் போறோம்" என்றார். என்னைப் பார்த்து, "அந்தப் பக்கத்த மாத்தி வேற ஆல்பம் போட்டாந்து குடு" என்றார்.

கிளம்பும்போது ஓவியாவிடம் போனேன். செருப்பு மாட்டுகிற இடத்தில் நின்றிருந்தாள். மன்னிச்சுக்கோ கண்ணு என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு விழுகலீன்னு அன்னைக்கு நான் சொன்னனே. நீங்க என்னயத் திரும்பிக்கூடப் பாக்கலீங்கக்கா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் அழுதேன். அவள் சொன்னது உண்மை. அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது முதலாளியின் முகத்தை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆவணிக் கல்யாணம் ஒன்று கைவிட்டுப் போனது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குண்டடத்திலிருந்து போன். முதலாளிதான் எடுத்தார். ஆடிப் பதினெட்டன்று அந்தக் கூடத்தில் இருந்த ஒருவருக்கு, ஆவணி நாலாம் தேதி தன் மகள் கல்யாணத்துக்கு ஆள் வேண்டுமாம். "அன்னைக்கு வந்து ஒத்துக்கிட்டாங்களே, அந்தம்மாவப் படம் எடுக்க அனுப்புங்க" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது.

"அவளுக்குப் படம் எடுக்கத் தெரியாதுங்க" என்றார் முதலாளி.

போனை அவர் கையிலிருந்து வாங்கினேன். "வாறனுங்க" என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் ஸ்டுடியோவைப் பெருக்கி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, தூசி அடங்கட்டும் என்று காத்திருந்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன். வெளியே காற்று கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. பேட்டரி முழுக்க ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். பாதியில் தீர்ந்தால், துடைக்கும்போது உள்ளே மேலே தூக்கி நிற்கிற கண்ணாடி கீழே இறங்கிக் குச்சியின் மேல் விழும்.

முதலாளி வாசலில் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"ஃபேன நிறுத்துங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தினார்.

லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, ப்ளோயரை உள்ளே நுழைக்காமல் வெளியே நிறுத்தி அமுக்கினேன். விழுகிற தூசி கீழே விழட்டும். லென்ஸை மாட்டி, வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பார்த்தேன். நூலும் பாதிக் கொத்தும் போயிருந்தன. பெரியதும் எச்சில் புள்ளிகளும் அசையவில்லை.

லென்ஸை மறுபடி கழற்றிவிட்டுக் குச்சியை எடுத்தேன். நுனியில் இரண்டு சொட்டு, அதற்கு மேல் கூடாது. அது ஊறும்வரை நிறுத்தி, ஓரத்தில் வைத்து, அழுத்தாமல், இடையில் நிற்காமல் மறு ஓரத்துக்கு இழுத்தேன். திருப்பி, மறுமுகத்தால் ஒரு தடவை. மூச்சுகூட விடவில்லை. அவரும் விடவில்லை என்று நினைக்கிறேன். குச்சியைக் குப்பையில் போட்டேன். லென்ஸை மாட்டினேன்.

வாசலுக்கு வந்து வானத்தை எடுத்தேன். பெரிதாக்கி, மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அவர் பின்னால் நின்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லயே" என்றார். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு கேமராவுக்காகக் கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். குண்டடத்துக்கு எடுத்துப்போக வேண்டிய லைட்டுகளை அவரைத் துடைத்து வைக்கச் சொன்னேன்.